ஆடிப் பதினெட்டில் தொடங்கிய செல்வமகள் கணக்கு

ஏழெட்டு வருசத்துக்கு முன்னால், ஓர் ஆடிப் பதினெட்டு அன்று காலையிலிருந்து சப் போஸ்ட்டாபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செங்கோடன் வரவில்லை. அவர் மகள் கனிஷ்காவுக்கு மறுநாள் பத்து வயது நிறைகிறது. பத்து நிறைந்த பிள்ளைக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்க முடியாது. கவுன்டர் மூடுவதற்குள் அவர் வந்து கையெழுத்துப் போடவில்லை என்றால் அத்தோடு முடிந்தது.

நான் சங்ககிரிக்குப் பக்கத்தில் கிராம அஞ்சல் ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தபால் கொடுப்பது, வீடுவீடாகப் போய்ச் சேமிப்புக் கணக்குக்கு ஆள் பிடிப்பது, இவை இரண்டும் சம்பளத்துக்குப் பார்த்த வேலை. கவலைப்படுவது சம்பளம் இல்லாமல் பார்த்த வேலை. தபால் பையைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவனை அந்த வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டயராக மாறாத காசு

ஆடி பிறந்த முதல் வாரத்தில்தான் செங்கோடனைப் பிடித்தேன். சொந்த லாரி, அவரே டிரைவர். வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே திட்டத்தைச் சொன்னேன்.

"அரசாங்கத் திட்டமுங்க. பொண்ணு பேருல வருசா வருசம் போடறது. பாப்பா பத்தாவது பாஸ் பண்ணினதும் காலேஜ் படிப்புக்குன்னு பாதி வரைக்கும் எடுத்துக்கலாம். போடற பணத்துக்கு வரிச் சலுகை, வட்டிக்கும் வரி கெடையாதுங்க."

"வரி கெடையாதா? அப்ப அந்தப் புத்தகத்த டோல்கேட்டுல காட்டினா வண்டிய உட்டுருவானுங்களா?"

"அது வேறைங்க."

"சரி, நடுவுல அவசரம்னா எடுத்துக்கலாமுங்களா?"

"நெனச்சபடி எடுக்க முடியாதுங்க. அதுதான் அதுல விசேசமே."

வீட்டுக்குள் தறிக்கு நூல் தார் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அவர் மனைவி பூங்கொடி டீயோடு வந்தார்.

"இந்த ஊட்டுல சேர்ற காசெல்லாம் டயராத்தான் மாறுது போஸ்ட்டண்ணா. டயரா மாறாத காசு கொஞ்சமாச்சும் இருக்கட்டும். பாப்பா படிக்கோணும்."

"டயரு ஓடினாத்தான் ஊடு ஓடும் அம்மணி," என்றபடி செங்கோடன் வெளியே வந்தார். "போட்டுரலாமுங்க. ஆடி கழியட்டும். ஆவணி பொறந்ததும் மொத வேலை அதுதான்."

பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டேன். பிறந்தநாள் ஆடியிலேயே வந்துவிடுகிறது.

"ஆவணி வரைக்கும் தாங்காதுங்க. இந்த மாசமே தொடங்கோணும்."

"ஆடியில நான் புதுசா எதையும் தொடங்க மாட்டேனுங்க. வண்டிக்கு ஒரு பல்புகூட மாத்த மாட்டேன்."

"ஆடியில டீசல் மட்டும் அடிக்கறீங்கல்ல?" என்றார் பூங்கொடி.

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினெட்டாம் பெருக்குன்னாச் சரிங்க. அன்னைக்குத் தொட்டது பெருகும்."

பெருக்குக்கு மறுநாள்தான் பிறந்தநாள். வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டேன். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று மறுபடி மறுபடி சொன்னேன். "போதுமுங்க, பரிட்சைக்குப் போற மாதிரி இருக்குது" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.

அவரு தண்ணிக்குள்ள

அந்த நாள் வந்தது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. போன பஸ்ஸிலெல்லாம் காவிரிக்குப் போகிற கூட்டம். ஒரு வழியாகப் போனை யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரே இரைச்சல்.

"போஸ்ட்டண்ணா, நாந்தான் பூங்கொடி. குமாரபாளையத்துல, காவேரிக்கரையில இருக்கறோம். அவரு தண்ணிக்குள்ள. துணியும் போனும் என்கிட்ட இருக்குது."

"ஏம்மா, இன்னைக்கு இங்க வரோணும்னு அவ்வளவு சொன்னேனே!"

"கலெக்டரு லீவு உட்டுட்டாருங்களே. பள்ளிக்கூடம் லீவு, தாலுக்கா ஆபீசு லீவு. போஸ்ட்டாபீசும் பூட்டியிருக்கும்னு அவரு லாரியக் கழுவக் கௌம்பிட்டாரு."

"உள்ளூர் லீவு நமக்குக் கெடையாதும்மா. தொறந்துதான் இருக்குது. நாளைக்கு வந்தாப் பிரயோசனமே இல்ல."

"இந்தக் கூட்டத்துல லாரிய வெளிய எடுக்க முடியாதுங்களே," என்றார்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா உள்ளேயிருந்து கேட்டார். "ஏன் வாசல்ல நின்னு கத்தறீங்க? யாரு வரல?"

"பிள்ளையோட அப்பா வரலீங்க மேடம்."

"அம்மா இருக்காங்கல்ல? அவங்களே கார்டியனா கையெழுத்துப் போடலாமே."

ஃபாரத்தில் கார்டியன் இடத்தில் நானே செங்கோடன் பெயரை எழுதி வைத்திருந்தேன். வேறு பெயர் எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனில் சொன்னேன்.

"நானே போடலாமுங்களா?" பூங்கொடியின் குரலே மாறிவிட்டது. "என்ற ஆதாரு, பாப்பா பொறந்த சர்ட்டிபிகேட்டு, போட்டோ எல்லாம் பையிலதான் இருக்குது. ஒருவேள தொறந்திருந்தா வழியில எறங்கிக்கலாம்னு எடுத்துட்டு வந்தேனுங்க. அவருதான் நிறுத்தல. பஸ்ஸப் புடிச்சு வாரேனுங்க."

கவுன்டரில் பணத்தை எண்ணி முடிக்கிற நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். பூங்கொடியின் தலையில் ஈரம் காயவில்லை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கனிஷ்கா ஈரப் பாவாடையோடு காப்பரிசி தின்றுகொண்டு வந்தாள். போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். வேறு ஃபாரம் எடுத்து, கார்டியன் இடத்தில் பூங்கொடி என்று எழுதினேன். அவர் தயங்காமல் கையெழுத்துப் போட்டார். தார் சுற்றிய கூலியிலிருந்து முதல் தொகையைக் கட்டினார்.

செங்கோடன் வந்தபோது கவுன்டர் மூடியாகிவிட்டது. கழுவி மாலை போட்ட லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்னையக் கேக்காம எப்படீங்க?"

"கேக்கலாம்னா நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்களாமே," என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மா.

அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப டயரு வெடிச்சதுன்னு நான் வந்து கேட்டா?"

"அவங்களே வந்து கேட்டாலும் தர மாட்டோம்."

"நல்ல எடமாப் பாத்துத்தான் பூட்டியிருக்கற," என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கி லாரியில் உட்கார வைத்தார். அதன் பிறகு லாரி ஓடிய வருசமெல்லாம் அவரும் ஒரு தொகை போட்டார். ஒரு வருசம் லாரி ஓடாமல் நின்றபோதும் பூங்கொடி விடாமல் கட்டினார்.

இந்த வருசம்

கனிஷ்கா பிளஸ் டூ முடித்தாள். பி.எஸ்சி. அக்ரி படிக்க இடம் கிடைத்தது. பதினெட்டு நிறையவில்லை என்பதால் பணம் எடுக்கவும் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். காலேஜ் கொடுத்த ஃபீஸ் தாளை வாங்கிப் பார்த்தேன், மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். "மாமா, அது மாறாதுங்க," என்றாள் கனிஷ்கா.

இப்போது இருக்கும் போஸ்ட்மாஸ்டர் புதியவர். சும்மா நின்றிருந்த செங்கோடனைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார்.

"நானு டிரைவருங்க. ஓனரம்மா அங்க கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறாங்க."

பூங்கொடி தலையை நிமிர்த்தாமல், "டிரைவர வண்டிகிட்ட நிக்கச் சொல்லுங்க," என்றார். கவுன்டரில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நான் லாரிக்கு அடியில் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். கணக்கு வேண்டியவர் வீட்டுக்குள் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்குப் போனால், அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று யார் அதிகமாகத் தவிக்கிறார்களோ, அவர்கள் பெயரை முதலில் ஃபாரத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் என்ன நடந்தாலும் அவர்கள் ஈரத் தலையோடாவது வந்து சேர்வார்கள்.