ஐஸ்பெட்டிக்குப் போகாத தொப்புள்கொடி

என்ர மனுசனுக்கு அப்ப தொப்புளுக்குக் கீழ உணர்ச்சி இல்லை. அந்த எல்லையில நான் ஒவ்வொரு நாளும் காலமை நீலப் பேனையால ஒரு கோடு கீறுவன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். நான் ஈர்க்குக் குச்சியால நெஞ்சில இருந்து கீழ் நோக்கிக் குத்திக்கொண்டு வருவன். "ஓம்... ஓம்... ஓம்" எண்டு சொல்லிக்கொண்டே வருவார். சத்தம் நிண்ட இடத்தில கோடு. பிறகு நேற்றுக் கீறின கோட்டில இருந்து அது அசைஞ்சிருக்கோ எண்டு ரெண்டு பேரும் பாப்பம். ஒரு நாளும் அசையேல்லை.

இந்த வேலையை அவர் தாயிட்டக் குடுக்கேல்லை. "அம்மா பாசத்தில கோட்டைக் கீழ இழுத்துப்போடுவா, உனக்குத்தான் பொய் வராது" எண்டு சொல்லி என்னட்டத் தந்தவர். அது சரிதான். வாயில வந்ததைப் பட்டெண்டு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதால ஊரில பாதிச் சனத்தோட எனக்குக் கதை பேச்சில்லை.

அவர் சங்கு குளிக்கிறவர். சண்டைக் காலத்தில நேவிக்காரன் கடலுக்கு விடமாட்டான். சமாதானம் எண்டு சொல்லிக் கடலைத் திறந்துவிட்ட உடன எங்கட ஆக்களுக்குப் பேராசை பிடிச்சிட்டுது. ஒரு நாள் அஞ்சாவது காத்துச் சிலிண்டரோட இறங்கினவர், விறுக்கெண்டு மேல வந்து, வள்ளத்தில இருந்து பிளேன்ரீ குடிச்சாராம். குடிச்சிட்டு எழும்பப் பாத்தா கால் வரேல்லை. கெதியா மேல வந்தா இரத்தத்துக்குள்ள காத்துக் குமிழி கட்டி முள்ளந்தண்டு நரம்பைக் கெடுத்துப்போடுமாம். டொக்டர் சொல்லிப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கூடப்போனவை எங்கட கரையில எல்லாரும் செய்யிறதைத்தான் செய்தவை. ஆளைத் திரும்பத் தண்ணிக்குள்ள இறக்கினவை. அப்பிடி இறக்கிச் சிலபேர் சுகப்பட்டிருக்கினம். இவர் சுகப்படேல்லை. அப்ப எனக்கு வயித்தில மூண்டு மாசம்.

கடலுக்குப் போன காலத்தில பேப்பர் பக்கம் திரும்பாத மனுசன், படுக்கையில விழுந்த பிறகு பாண் சுத்தி வந்த துண்டையும் விடாமல் வாசிப்பார். அப்பிடி ஒரு துண்டிலதான் அது கிடந்தது. பிறந்த பிள்ளையின்ர தொப்புள்கொடி இரத்தத்தில ஸ்டெம் செல் எண்டு ஒரு சாமான் இருக்காம். குருத்தணு எண்டு தமிழில போட்டிருந்தவன். அது இன்னும் எதுவாகிறதெண்டு முடிவெடுக்காத அணுவாம். அதை எடுத்து முள்ளந்தண்டு பழுதானவைக்கு ஏத்தி, கால் வருமோ எண்டு வெளிநாட்டில பாக்கினமாம்.

"இஞ்ச பாரப்பா, எல்லாம் ஒரே அணுவிலயிருந்துதானே வருகுது. பிறகு ஒண்டு கண்ணாப் போகுது, ஒண்டு காலாப் போகுது. ஆர் அதுக்குச் சொல்லுறது?"

"எனக்கென்ன தெரியும்? அடுப்பில சோறு குழையுது" எண்டு கத்திப்போட்டுப் போனனான்.

ஆனா குசினில நிண்டு நானும் அதைத்தான் யோசிச்சனான். அவருக்கு வேண்டிய காலைச் செய்யிற அதே சாமான், என்ர வயித்துக்குள்ள ஒரு சோடிக் காலைச் செய்து முடிச்சு என்னை உதைச்சுக்கொண்டிருக்குது. ஆர் அதுக்குச் சொன்னது? எனக்கு மேல் எல்லாம் புல்லரிச்சுப்போச்சு. சோறும் அடிப்பிடிச்சுப்போச்சு.

மாமி, அவற்ர தாய், வெள்ளாங்குளத்துப் பக்கம் வயல்காரக் குடும்பத்தில பிறந்து, கடல்காரனைக் கட்டி எங்கட தீவுக்கு வந்தவ. பிள்ளையின்ர கொடி காஞ்சு விழுந்தா அதை வெள்ளிக்கூட்டுக்குள்ள போட்டு அரைநாண் கயித்தில கட்டுறது அவையின்ர வழக்கம். பிள்ளைக்குப் பெரிய வருத்தம் வந்தா அதை உரைச்சுத் தேனில குழைச்சுக் குடுப்பினமாம். பேப்பரை நான் வாசிச்சுக் காட்ட அவவுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைப் பாக்கவேணும்.

"இதைத்தானே நாங்கள் ஆதியில இருந்து செய்யிறம்! வெள்ளைக்காரனுக்கு இப்பதான் விளங்கியிருக்கு" எண்டு சொல்லி, றங்குப்பெட்டியைக் கிண்டி இவரின்ர கூட்டை எடுத்துக்கொண்டு வந்திட்டா. "என்ர ராசா, உன்ர கொடி. உரைச்சுத் தரட்டோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா! அது செத்து முப்பது வருசம். உயிரோட இருக்கிற அணுதான் வேலை செய்யும். கருவாட்டைக் கடல்ல விட்டா நீந்துமோ?"

மாமிக்கு முகம் செத்துப்போச்சு. எண்டாலும் விடேல்லை, கறுத்த நூலில கோத்து அவற்ர கழுத்தில கட்டிவிட்டா. கிடந்திட்டுப் போகட்டும் எண்டு அவரும் விட்டிட்டார்.

எனக்கு மாசம் நிறைஞ்சு வரேக்க மனுசன் திடீரெண்டு ரெண்டு நேரமும் கோடு கீறச் சொல்லத் தொடங்கினார். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. "என்னால குனிய ஏலாதப்பா, வயித்தைக் கழட்டி வைச்சிட்டே வாறது?" எண்டு ஏசி ஏசிக் கீறினனான்.

பிள்ளைக்கொடியைப் பழுதாகாமல் வைக்கிறதுக்கு அவரே வழி கண்டுபிடிச்சார். கடல்காரனுக்குத் தெரிஞ்ச வழி வேற என்ன? இறால் கொண்டுபோற றெஜிபோம் பெட்டியைக் கழுவச் சொல்லி, ஐஸை இடிச்சு நிரப்பச் சொல்லி, மாமியின்ர கையில குடுத்துவிட்டார். எனக்கு நோக்காடு எடுத்து ஓட்டோவில போகேக்க, சென்றியில மறிச்ச ஆமிக்காரன் மூடியைத் திறந்து பாத்தான். "மாளு கோ?" எண்டு கேட்டான். மீன் எங்கையாம். மாமி என்ர வயித்தைக் காட்டினா. எனக்கு நோவுக்குள்ளயும் சிரிப்பு வந்திட்டுது.

பொம்பிளைப் பிள்ளை. சுகமாப் பிறந்தாள். மாமி வாசலில ஐஸ்பெட்டியோட நிக்கிறதைக் கண்டு அந்த இளம் டொக்டர் என்னட்ட வந்து விசாரிச்சார். நான் முழுக்கச் சொன்னனான். அவர் சிரிக்கேல்லை. அதுக்காகவே அவரை எனக்குப் பிடிச்சுது.

"இந்த ஐஸ் காணாது அம்மா, இதைவிட எத்தினையோ மடங்கு குளிர் வேணும். அணுவைப் பிரிச்செடுக்கிற மெசினும் இஞ்ச இல்லை. அதை விடுங்கோ, முள்ளந்தண்டுக்கு இது சரிவருமோ எண்டு உலகத்தில ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது. பாத்துக்கொண்டுதான் இருக்கினம்."

வீட்ட வந்து அதை அப்பிடியே அவருக்குச் சொன்னன். பிள்ளையை நெஞ்சில போட்டுக்கொண்டு கேட்டார். "ஒருத்தருக்கும் தெரியாதெண்டா, சரிவராதெண்டும் தெரியாதுதானே?" எண்டார்.

ஏழாம் நாள் பிள்ளைக்குக் கொடி விழுந்துது. புதுக்கூடு செய்யிற வரைக்கும் தகப்பன்ர கூட்டுக்குள்ளயே ரெண்டையும் வைப்பம் எண்டு மாமி அவற்ர கழுத்து நூலை அவிழ்த்தா. மூடியைத் திறந்து உள்ளங்கையில தட்டினா. ஒண்டும் விழேல்லை. திரும்பத் தட்டினா.

"ஐயோ, என்ர பிள்ளையின்ர கொடி! எடி, நீயோ எறிஞ்சனி?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. வாயைத் திறக்க முதல், "அவளை ஏசாதேங்கோ, நான்தான்" எண்டார் அவர். எங்களைப் பாக்கேல்லை, கூரையைப் பாத்துக்கொண்டு சொன்னார். "பிள்ளை பிறக்க ரெண்டு கிழமை இருக்கேக்க, உள்ள என்ன இருக்கெண்டு பாக்கத்தான் திறந்தனான். மிளகளவு, கறுப்பாக் கிடந்துது. இதுக்குள்ளால தின்னுதானே நான் வளந்தனான் எண்டு யோசிச்சன். பிறகு வாயில போட்டிட்டன்."

செத்த அணு எண்டு பெத்த தாயோட வாதாடின மனுசன்! பின்னேரக் கோடு ஏன் வந்ததெண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. ஏசி ஏசிக் கீறினனே எண்டு நெஞ்சு எரிஞ்சுது. மாமி அவற்ர காலடியில குந்தியிருந்து பாதத்தைத் தடவத் தொடங்கினா.

"ஏதும் தெரியுதோ?" எண்டு நான் கேட்டன்.

"இன்னும் இல்லை" எண்டார்.

அடுத்த நாள் காலமை அவர் கேக்க முதலே ஈர்க்கை எடுத்துக்கொண்டு போனன். கண்ணை மூடினார். ஓம்... ஓம்... ஓம். கோட்டில வந்து சத்தம் நிண்டுது. நான் நிப்பாட்டேல்லை. கோட்டைத் தாண்டி ஒரு விரல், ரெண்டு விரல், நாலு விரல் கீழ போனன். தோல் சிவக்கிற அளவுக்கு அழுத்தினன்.

"என்னப்பா, தொட்டனியோ?" எண்டு கேட்டார்.

"இன்னும் இல்லை" எண்டன்.