டெக்னீசியமும் வேப்பங்காப்பும்

ஆரணியில் ஹேமநாத்துக்கு 'அணுகுண்டு சார்' என்று பெயர். கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஆராய்ச்சி செய்தது அணுக்கருவின் கூடு மாதிரியில். அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் கண்டபடி கிடப்பதில்லை, அடுக்கடுக்காகத்தான் அமர்ந்திருக்கின்றன என்று சொல்லும் கணக்கு அது. "அது எதுக்குடா ஆவும்?" என்று அம்மா ரேணுகாம்பாள் தறியில் உட்கார்ந்தபடியே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுப் போவான், பாவம்.

அம்மாவுக்கு இடுப்புவலி தாங்காமல் போகவே, வேலூரில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஊசி போட வந்த நர்ஸ் மருந்தின் பெயரைச் சொன்னதும் ஹேமநாத்துக்கு உடம்பு சிலிர்த்தது. டெக்னீசியம்! வருஷக்கணக்கில் அவன் கட்டிக்கொண்டு அழுத அணுக்கரு அல்லவா அது! அதில் ஒரு புரோட்டான் மேலடுக்கிலிருந்து கீழே இறங்க வேண்டும்; இறங்கும்போது வீசும் கதிரைத்தான் ஸ்கேன் படம் பிடிக்கிறது. இரண்டு அடுக்கின் சுழற்சியும் ஒத்துப்போகாததால் மணிக்கணக்கில் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம்தான் மருந்து எலும்பில் போய்ச் சேர நேரம் கொடுக்கிறது.

வெறும் தேய்மானம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் உடம்பிலிருந்து கதிர் வீசும், இன்று ஒருநாள் கர்ப்பிணிகள் பக்கம் போகாதீர்கள் என்று நர்ஸ் சொன்னதை ரேணுகாம்பாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள்தான் மருமகள் சுகன்யாவுக்கு வளைகாப்பு. நான் வருஷக்கணக்காய்ப் படித்ததே இந்த மருந்தின் கணக்கைத்தான், காலைக்குள் கதிர் பெரும்பாலும் இறங்கிப் போயிருக்கும், நர்ஸும் இன்றைக்கு மட்டும்தானே சொன்னார் என்று ஹேமநாத் கெஞ்சிப் பார்த்தான்.

"நீ கணக்கு போட்டு சொல்ற. வயித்துல இருக்கறது உன் புள்ளடா" என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மனசு கேட்காமல் வந்தாள். வந்தவள் வாசலோடு நின்றுகொண்டாள். வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த வேப்பங்காப்பை மாமியார் முதலில் போட்டால்தான் மற்றவர்கள் வளையல் அடுக்க முடியும். ஹேமநாத் அவளை உள்ளே அழைத்துவந்தான். காப்போடு அவள் குனிந்தபோது அவனையும் அறியாமல் நெஞ்சு திக்கென்றது. முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. பெற்றவள் கண்ணுக்குத் தப்புமா? சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே பயப்படறியேடா."

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"பயம் எனக்குதாம்மா. கணக்குல இல்ல."

சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துச் சுகன்யாவின் கைமேல் அவனே வைத்தான். சுகன்யா நீட்டிய கையை அதுவரை மடக்கவே இல்லை.

ரேணுகாம்பாள் காப்பைப் போட்டாள். மருமகள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி மகனைப் பார்த்தாள்.

"இத்தத்தான் இத்தினி வருசமா படிச்சிகினு இருந்தியா?"