என் பெயரில் வந்த ஒரே கேசட்டு

மேடைப் பாடகன் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு: பாட்டு நன்றாக அமைந்தால் பெயர் சினிமாவில் பாடியவருக்கு, சொதப்பினால் பெயர் நமக்கு. ஊர் ஊராக மைக் பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்தில் இலை போடும் சத்தத்துக்கு நடுவே பாடியிருப்பீர்கள். உச்சத்தில் இருக்கும்போது மைக்கை வாங்கி, காணாமல் போன குழந்தைக்கு அறிவிப்புச் செய்திருப்பார்கள்.

நான் போளூர்க்காரன். கேசட்டு வந்தபோது ஆல்பர்ட் மாஸ்டரின் குழுவில் இருபது வருடம் பாடியிருந்தேன். மாஸ்டர் ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் கற்றவர். இரண்டு கிட்டார், டிரம்ஸ், ஒரு ஆர்கன், நான். வேகமான பாட்டு, முடியும்போது தொண்டை கிழிய ஒரு கத்தல், இதுதான் என் பங்கு. மாஸ்டர் அதை ராக் என்பார். கண்ணமங்கலம் பக்கத்தில் குதிக்கிற பாட்டு என்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு நாற்பத்தைந்து வயது நடந்தபோது, நானே எழுதி நானே மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டுகளை ஒரு கேசட்டாகக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. கொண்டுவந்தேன். பிறகு நடந்தவற்றில் சிலவற்றை எழுதுகிறேன்.

ஆடி வரைக்கும்

எங்கள் மேடையில் எந்தப் பாட்டு என்பதைத் தீர்மானிப்பது சீட்டு. கூட்டத்திலிருந்து துண்டுக் காகிதத்தில் பாட்டின் முதல் வரியை எழுதி அனுப்புவார்கள். மாஸ்டர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார், நாங்கள் ஆரம்பிப்போம். சீட்டு வராத பாட்டு எங்கள் நோட்டில் ஒரு வருடம்கூட நிற்காது.

என் பாட்டுகளில் ஒன்றையாவது மேடையில் போடலாமா என்று கேட்டேன். மாஸ்டர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். ஒரு வருடமாக உச்சத்தில் என் குரல் பிசிறிக்கொண்டிருந்ததால், குதிக்கிற பாட்டுக்கு ஆம்பூரிலிருந்து ஒரு இளம் பாடகரை வரவழைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும். அவர் வந்தால் நான் பின்வரிசையில் நின்று கோரஸ் பாட வேண்டும். அதையும் மாஸ்டர் மறைக்கவில்லை. "ஆடி முடியற வரைக்கும் பாக்கலாம். ஒன் பாட்டைக் கேட்டு ஒரே ஒரு சீட்டு வரட்டும், நோட்டுல ஏத்திடறேன், நீயும் முன்னாடியே நில்லு. வரலன்னா கோரஸ். ஒறவுக்காரங்க எழுதுனா செல்லாதுப்பா, எனக்குக் கையெழுத்து தெரியும்" என்றார்.

ஒன்பதாவது தடவை

வேலூரில் ஒரு மாடி அறையில் பதிவு. சுவரெல்லாம் கோணி அடித்திருந்தது. மின்விசிறி சத்தம் பதிவாகும் என்று நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பாட்டில் ஆறாவது, 'போன பஸ்ஸு போகட்டும்'. பஸ்ஸைத் தவறவிட்டு நடுவழியில் நிற்கிறவன் பாடுவது. எட்டில் அதுதான் வேகமானது. கடைசியில் என் கத்தல். அதை மட்டும் ஒன்பது தடவை எடுக்க வேண்டியிருந்தது. சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒலிப்பதிவு செய்தவர் அதுவரை பக்திப் பாடல்கள் மட்டுமே எடுத்துப் பழகியவர். மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று கேட்டார்: "சார், கடைசியில சத்தம் போட்டீங்களே, அது பாட்டுல சேர்த்திங்களா, இல்ல எடுத்துடணுங்களா?"

முதல் பாட்டு

கேசட்டை எடுத்துக்கொண்டு முதலில் படவேட்டில் ரேடியோ செட் வைத்திருந்த குப்புசாமியிடம் போனேன். சுற்று வட்டாரத்தில் எந்த விசேஷத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். அவர் போட்டால் பத்து ஊர் கேட்கும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாமி பாட்டு எங்கே என்றார். இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. முதல் பாட்டு பிள்ளையார் மேல் இல்லாத கேசட்டை அவர் மெஷினில் நுழைப்பதே கிடையாது. ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும் என்று நம்பினார். எட்டுப் பாட்டு எழுதினவனுக்கு, ஒன்பதாவதாகப் பிள்ளையாருக்கு நாலு வரி எழுதத் தோன்றவில்லை. நம் தொழிலில் இருபது வருடம் இருந்துவிட்டு இப்படி ஒரு தப்பு செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் போனபோது நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எல்லா விசேஷத்திலும் என் பாட்டைப் போடுவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் எந்த இடத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பந்தி முடிஞ்சப்புறம் போடுவேங்க. பந்தல் பிரிக்கணும், ஜனம் எந்திரிக்காது. ஒங்க பாட்டு ரெண்டு ஓடுனா போதும், மொத்த ஜனமும் செருப்பத் தேட ஆரம்பிச்சுடுதுங்க."

ஏற்றம்

போளூரிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் முனுசாமி அண்ணன் எனக்கு வேண்டியவர். தலைக்கு மேல் டேப் வைத்திருந்தார். அடிவாரத்தில் கேசட்டைக் கொடுத்தேன், போட்டார். பயணிகள் இரண்டு பேர் தலையசைத்ததைப் பார்த்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் முக்கி நின்றது. அண்ணன் பாட்டை நிறுத்தினார். பஸ் ஏறியது. மறுபடி போட்டார். அடுத்த வளைவில் மறுபடி முக்கியது.

உச்சிக்குப் போனதும் கேசட்டை வேட்டி நுனியில் துடைத்து என் கையில் கொடுத்தார். வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் கீது. ஒன் டிரம்ஸும் இன்ஜினும் ஒரே மாதிரி ஒறுமுதுப்பா, எப்ப கியர மாத்தறதுன்னு தெரியமாட்டேங்குது. எறக்கத்துல வேணா போடறேன்."

பழகணும்

என் மனைவி சரோஜா ஒரு வாரம் வரை எதுவும் சொல்லவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள். சில இடங்களில் மெஷினை நிறுத்துவாள். நன்றாக இருப்பதால் நிறுத்துகிறாளா, நூல் அறுந்துவிட்டதா என்று தெரியாமல் நான் வாசலில் தவிப்பேன். கல்யாணமான புதிதில் கச்சேரிக்குக் கூட்டிப் போனால், நான் யார் குரலில் பாடுகிறேன் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

ஏழாம் நாள் நானே கேட்டேன். ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இத்தினி வருசமா ரேடியோவோட குடும்பம் நடத்திக்கினு இருந்தேன். ஒங்க குரல் இதுதான்னு இப்பதாங்க தெரியுது. நல்லா இல்லன்னு சொல்லல. பழகணும்."

ஒருத்தன்

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளிக் குவியல்களுக்கும் சாமை மூட்டைகளுக்கும் நடுவே ஒரு சாக்கை விரித்து, டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் நின்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஓடவும் இல்லை. படவேட்டுக்குப் பிறகு எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. இரண்டு மூன்று பேர் வாங்கவும் செய்தார்கள்.

பலாப்பழம் விற்க வந்த ஒரு அம்மா கேசட்டின் அட்டையில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் நான் தனியாக நின்றுகொண்டிருப்பேன், பின்னால் வானம் மட்டும். அந்த மலையில் பாட்டு என்றால் பத்துப் பேராவது கைகோத்து நின்று பாடுவது. இதில் பாடுவது நான் ஒருவன்தான், எல்லாம் என் சொந்தப் பாட்டு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் ஒரு சுளையை என் கையில் வைத்தாள். "கூடப் பாட ஒருத்தரும் கெடைக்கலியா ஒனக்கு? முன்னாடியே ஒரு சொல்லு சொல்லியிருந்தா நாங்க வந்திருப்பமே."

பெரியவர்

ஆடியில் ஏழு கச்சேரி. ஆறு முடிந்தும் எனக்கு ஒரு சீட்டும் வரவில்லை. ஆம்பூர்ப் பாடகருக்கு மாஸ்டர் கடிதம் எழுதிவிட்டார், தபாலில் போடவில்லை, அவ்வளவுதான். கடைசிக் கச்சேரி ஜமுனாமரத்தூருக்கும் மேலே ஒரு சிற்றூரில். மின்சாரம் கிடையாது. குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்வந்தவர்கள் கூடி, கோயில் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். இருட்டுவதற்குள் ஜனங்கள் அவரவர் ஊருக்கு நடக்க வேண்டும் என்பதால் பிற்பகலிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

சீட்டுகள் வந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் மரத்தடியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறேழு பாட்டு முடிந்தபின் மாஸ்டர் ஒரு சீட்டைப் பிரித்தார். இரண்டு முறை படித்தார். என்னிடம் நீட்டினார். 'போன பஸ்ஸு போகட்டும்.' நானும் இரண்டு முறை படித்தேன். மாஸ்டர் மரத்தடியைப் பார்த்துவிட்டு, "அந்த வாத்தியார் ஒனக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார். அன்றுதான் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

டிரம்ஸ் எழும்பியது. எழுதிய வேகத்திலேயே பாடினேன், கொஞ்சம் கூடுதலாகவே. கூட்டம் அசையவில்லை. கடைசிக் கத்தலில் குரல் இரண்டாகப் பிளந்தது. பாட்டு முடிந்தும் ஒரு கை தட்டவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் பெயர் வெள்ளையன். அந்தச் சீட்டை எழுதச் சொன்னவர் அவர்தான்.

"இது இல்ல" என்றார்.

"இதான்யா கேட்டீங்க. போன பஸ்ஸு" என்றார் மாஸ்டர்.

"பாட்டு இதான். நீங்க பாடவேணாம். அந்தப் பெரியவரப் பாடச் சொல்லுங்க."

"எந்தப் பெரியவரு?"

"கேசட்டுல பாடறாரே, அவரு. அவர இட்டாரலியா?"

கேசட்டில் பாடியது நான்தான் என்றேன். வெள்ளையன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. போய் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துவந்தார். வரும் வழியில் ஒரு பாறையின் மேல் குனிந்து, வெயிலில் காயவைத்திருந்த நான்கு பேட்டரிகளைப் பொறுக்கி உள்ளே போட்டார். இப்படிக் காயவைத்துக் காயவைத்தே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள் என்று வாத்தியார் பிறகு சொன்னார். புது பேட்டரிக்கு மலை இறங்க வேண்டும்.

மேடை விளிம்பில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சக்கரம் மெதுவாகச் சுற்றியது. சக்தி தீர்ந்த பேட்டரியில் டிரம்ஸ் ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து விழுந்தது. அதற்கு மேல் ஒரு கனத்த குரல். அது நான்தான், ஆனால் அறுபது வயதில், எந்த அவசரமும் இல்லாத நான். போன பஸ்ஸு போகட்டும் என்று அவன் நிஜமாகவே அதைப் போகவிட்டுவிட்டான் போலிருந்தது. வேலூரில் ஒன்பது தடவை எடுத்த கத்தல், பக்கத்து மலையில் இருப்பவரை யாரோ கூப்பிடுவது போல நீண்டு இறங்கி அடங்கியது. கூட்டம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் மேடையிலிருந்து நான் அப்படி ஒரு தலையசைப்பைப் பார்த்ததில்லை.

மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு காதைத் தாழ்த்தி, கிட்டாரில் சுருதியைத் தேடினார். அஞ்சு கட்டைப் பாட்டு இரண்டு கட்டைக்கு வந்திருந்தது. டிரம்ஸ்காரரிடம் முக்கால் வேகம் என்று விரலால் காட்டினார். நான் மைக்கை நெருக்கிப் பிடித்து, பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். அந்த இடத்தில் என் தொண்டைக்குப் பாரமே இல்லை. ஒரு வருடமாக உச்சத்தில் எதைப் பிடிக்க முடியாமல் ஏமாந்துகொண்டிருந்தேனோ, அது கீழே, சும்மா உட்கார்ந்திருந்தது. இரண்டாவது அடியில் முன்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது அடிக்குள் கூட்டம் முழுவதும் பாடியது. என்னைவிட அவர்களுக்குப் பாட்டு நன்றாகத் தெரிந்திருந்தது.

முடிந்ததும் மாஸ்டர் ஆம்பூர்க் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்திலேயே பாட்டின் முதல் வரியையும் இரண்டு கட்டை என்பதையும் குறித்துக்கொண்டார். நான் இறங்கிப் போய் வெள்ளையனிடம் பேட்டரி விஷயத்தை விளக்கினேன். மற்ற ஏழு பாட்டுகளும் பிடித்திருந்தனவா என்றும் கேட்டேன். நம் புத்தி அது. அவர் கேசட்டை வெளியே எடுத்து, நிதானமாக யோசித்துச் சொன்னார்: "அத்தயெல்லாம் புது செல்லு போட்டப்ப கேட்டோம், ஒண்ணும் புடிக்கல. இப்பதான் செல்லு எறங்கிக்கீதே, இன்னொரு தபா கேட்டுட்டுச் சொல்றோம்."

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தப் பாட்டை முன்வரிசையிலேயே நின்று பாடினேன் என்பதால், தொண்டை தேய்ந்துவிட்டதென்று டாக்டரிடம் ஓடத் துடிக்கும் சக பாடகர்கள் அதற்கு முன் ஒரு பழைய பேட்டரியில் தங்கள் பாட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.