கணப்புக்குள் பிளாஸ்டிக் பூ

கொடிமலை உச்சியில் அப்பா காவல்காரராக இருந்த பங்களா இப்போது காப்பிக்கடை. குளிர்காய நெருப்பு மூட்டிய கணப்புக்குள் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் மேலே குளிர்காற்றை ஊதிக்கொண்டு ஏர்கோன் ஓடுகிறது.

பூவை விலக்கியதும் பழைய புகை வாசனை வந்தது. அப்போதெல்லாம் மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் சன்னல் வழியாக உள்ளே ஏறிவிடும், துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது, முதலாளி வராத நாட்களில் அம்மா இட்லி மாவு பொங்குவதற்காகச் சட்டியைக் கம்பளியில் சுற்றி இந்தக் கணப்போரம் வைப்பார், அப்பா குனிந்து நெருப்பை ஊதி ஊதி இருமுவார், நானும் தங்கச்சியும் அந்தச் சட்டியை ஒட்டிப் படுத்துத் தூங்குவோம்.

“மலை இப்படிச் சூடாயிடுச்சே” என்றேன் கடை மேனேஜரிடம்.

“மலை எப்பவும் இப்படித்தான்லா, அங்கிள். இந்தக் கணப்பு அப்ப சும்மா அழகுக்குக் கட்டினது.”

அழகுக்கா? அப்பாவின் நெஞ்சைப் புகை அரித்தது அழகுக்கா? கணப்புக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவி, கரி அப்பிய விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவன் டிஷ்யூவைக் கொடுத்தான்.

“அங்கிளுக்கு ரொம்ப வேர்க்குது” என்று ஏர்கோனைக் கூட்டினான்.