அத்தையும் என் ரத்தம்தான்

மார்பில் வலி என்று ஷார்ஜாவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். “ரத்த உறவில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா?” என்றார் சீன டாக்டர். “இல்லை, மாமியாருக்கு மட்டும்தான்” என்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. மாமியார் என் அப்பாவின் சொந்த அக்கா!

மறுநாளே போய்த் திருத்தினேன். “அப்படியானால் பரம்பரையாக வரும் ஜீன் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும்” என்றார் டாக்டர். “இந்த ஜீன் கோளாறு வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும்?” என்று கேட்டேன். “எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேருக்கு இருக்கிறது” என்றார் டாக்டர். சோதித்ததில் எனக்கும் இருந்தது.

“ஊர்ல மூச்சு விடாதே. நாளைக்குப் பாப்பாவை யாரு பொண்ணு கேட்டு வருவா?” என்றார் கணவர்.

“மூணு வயசுப் பொண்ணுக்கு இப்பவே மாப்பிள்ளையா? அத்தை உங்களுக்கு அம்மா. மொதல்ல நீங்க போய் டெஸ்ட் எடுங்க!”

இரண்டு நாள் தயங்கிவிட்டு, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் ரிசல்ட்டை நானே போட்டேன். இப்போது தவறாமல் ஸ்கேன் எடுக்கிறேன். எந்தப் படிவத்திலும் அத்தையை ரத்த உறவாகவே எழுதுகிறேன்.