அக்கா சொன்ன பதில்

ஆறு வருஷம் நான் ஒரு டிவி போட்டியை நடத்தினேன். டிவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தாராவியிலிருந்து பாண்டுப் வரை இருக்கும் தமிழ் வீடுகளுக்கு மட்டும் கேபிளில் வந்த சேனல். செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஷூட்டிங். அப்போது எனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் கேள்வி அட்டைகளை இந்தி எழுத்தில் எழுதித் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் அடித்த தமிழ்ப் பேச்சுக்குச் சனங்கள் கைதட்டினார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்காரம்மா என்னை நிற்க வைத்து செல்பி எடுத்துக்கொள்வாள். தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

போட்டி கணவன் மனைவிக்கு. கணவன் காதில் பாட்டு ஓடும் ஹெட்போனை மாட்டிவிட்டு, மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவள் பதில் ரெக்கார்டு ஆகும். பிறகு ஹெட்போனைக் கழற்றி, "உங்க வீட்டம்மா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கணவனிடம் கேட்பேன். அவர் எதையாவது உளறுவார். நான் மனசுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும். அந்த மூன்று எண்ணுவதுதான் என் தொழில். மற்றதெல்லாம் கோட்டும் பவுடரும்தான்.

ஒரு மழை நாளில் ரயில் நின்றுபோய், வரவேண்டிய ஜோடி வரவில்லை. நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தியதும் என் மடியில் உட்கார வைத்துத்தான். அத்தான் தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். "நமக்கு எதுக்குய்யா இந்தக் கூத்தெல்லாம்?" என்றார். மைத்துனன் கெஞ்சுகிறானே என்று இஸ்திரி போட்ட சட்டையோடு டாக்சியில் வந்து இறங்கினார்.

"கட்டிக்கிட்டதுக்கு அப்புறம், 'இந்த மனுசன விட்டுட்டுப் போயிரலாமா'ன்னு என்னைக்காவது தோணியிருக்கா?" இதுதான் கேள்வி. எல்லாப் பெண்களும் "தினமும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள், கூட்டமும் சிரிக்கும். அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். மைக்கும் கேமராவும் அவள் கண்ணில் படவில்லை. எதிரே தம்பி உட்கார்ந்து கேட்கிறான், அவளுக்கு அவ்வளவுதான்.

"ஒரு தடவ போயே போயிட்டேன்லே," என்றாள். "அவிய அம்மைக்கு முன்னால என்னை ஒரு வார்த்த சொல்லிட்டாவ. ரெண்டு பிள்ளையளயும் கூட்டிக்கிட்டு தாதர்ல ஊருக்குப் போற ரயிலு ஏறிட்டேன். கல்யாண் ஸ்டேசன் வரும்போது சின்னவ 'அப்பா வரலியா'ன்னு கேட்டா. எறங்கிட்டேன். லோக்கல் பிடிச்சி சயான் வந்து, அவிய வாரதுக்குள்ள சோறு வடிச்சிட்டேன். இன்னிக்கி வரைக்கும் அவியளுக்குத் தெரியாது."

ஹெட்போனைக் கழற்றியதும் அத்தான் என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "அவளா? அவ மனசுல அந்த நெனப்பே வராதுய்யா."

அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். வேண்டாம் என்கிறாள், எனக்கு நன்றாகவே புரிந்தது. 'தினமும்னு சொன்னாங்க' என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். பாவி, நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். அழுத்தினேன். அவள் குரல் ஓடி முடிந்தபோது ஒருத்தரும் கைதட்டவில்லை. அத்தான் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "அத மட்டும் வெட்டிரச் சொல்லுலே. நான் ஒங்கிட்டதான சொன்னேன்?"

"சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

பார்த்துக்கொள்ளவில்லை. சேனல்காரர் அந்தத் துண்டைத்தான் விளம்பரமாகப் போடப்போவதாகச் சொன்னார். என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று அதற்கு முன்பே காதில் விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வாரம் முழுக்க அது ஓடியது. பட்டறையில் அத்தான் துணியை விரித்தால், "மாஸ்டர்ஜி, கல்யாணுக்கு டிக்கெட் எடுக்கவா?" என்று இந்தியில் கிண்டல். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், அந்தப் பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டையும் திலக் நகருக்கு மாற்றினார். என்னோடு பேச்சு நின்றது. சேனலும் இரண்டு வருஷத்தில் மூடிவிட்டது. இப்போது நான் பிறந்தநாள் பார்ட்டிகளில் நாற்காலி விளையாட்டு நடத்துகிறேன்.

போன மாதம், அத்தான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்துத் தோசை ஊற்றினாள்.

"அக்கா, அன்னிக்கு நான் அத அழுத்தியிருக்கக் கூடாது," என்றேன்.

அவள் தோசையைத் திருப்பினாள். அந்நேரம் அவள் போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தாள்.

"இருக்கியா?" அத்தானின் குரல்.

"இருக்கேன்."

அவர் கேட்காமலேயே போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினாள். சாத்தியிருந்த வாசல் கதவைக் காட்டினாள். இடையில் தரையில் உட்கார்ந்திருந்த நான், அத்தானிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அக்கா என்னைத் தாண்டி போனை உயர்த்திக் கொண்டுபோய்விட்டாள். "சரி," என்று அத்தான் வைத்துவிட்டார்.

"தினமுமாக்கா?"

"அன்னைக்கிலருந்து, தினமும்தான்," என்றாள். "நீ வந்தத நான் அவியகிட்ட சொல்லப் போறதில்ல. சாப்பிட்டுட்டு வெரசாக் கெளம்பு."