இரண்டாவது ஓலை

எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் வாசிப்பது சீட்டாடுவதற்குச் சமமான குற்றம். பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, ஞாயிறு பூசை தவறாதவர். பெண்கள் கையில் அச்சுத்தாள் என்றால் அது ஜெபப்புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். அவருடைய வீட்டிலேயே, அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற அதே பாயில் சாய்ந்துகொண்டு, சித்தி மத்தியானந்தோறும் கதை வாசித்தாள். அந்த நேரத்தில் அவர் ஆபீசில் இருப்பார்.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடு இருந்தாள். அவள் வாசிக்கக் கேட்பவர்கள் அம்மா, நான், பக்கத்து வீட்டு ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராத்தாவின் வீட்டுக்காரர் சோற்றுக்கடை வைத்திருந்தார். அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழை ராத்தா கடகடவென்று வாசிப்பார். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. ஆகவே கதைக்குச் சித்தியை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்கதவு வழியாக வந்துவிடுவார்.

அப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபையார் சிலரைப் பற்றியது. எங்களைப் போலக் கத்தோலிக்கர் இல்லை. பொட்டுத் தங்கம்கூட அணியமாட்டார்கள், பூ வைக்கமாட்டார்கள், வெள்ளைச் சேலைதான் உடுத்துவார்கள். விளக்கு வைத்ததும் வீடே முழந்தாளிட்டு ஜெபிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தச்சு வேலை செய்யும் ஒருவன்மேல் பிரியம். அவளுடைய அப்பா பார்த்து வைத்திருப்பதோ வேறொருவனை. காதில் கல்தோடு போட்ட அம்மாவும் கழுத்தில் அட்டியல் போட்ட ராத்தாவும், நகையே காணாத அந்தப் பெண்ணுக்காக மூக்கைச் சிந்தினார்கள். முன்பின் தெரியாத வேற்றுச் சபைக்காரிக்காக நாம் ஏன் இப்படி அழுகிறோம் என்று அம்மா ஒரு நாள் கேட்டே விட்டாள்.

“அங்கன நகைநட்டுப் பேச்சே இல்லல்ல, தங்கச்சி. பேசுறதெல்லாம் மனசைப் பத்தியில்ல பேசுறாக” என்றார் ராத்தா.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு மாப்பிள்ளை வந்தார். கடலுக்கு அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, மனைவியை இழந்தவர், மீசைக்கு எண்ணெய் தடவுபவர். பெண் பார்க்க வந்தவர் சித்தியைப் பார்த்ததைவிட, பாயின் அடியிலிருந்து எட்டிப்பார்த்த புத்தகத்தைத்தான் அதிகம் பார்த்தார். என் வீட்டில் இதெல்லாம் கூடாது, ஜெபப்புத்தகம் ஒன்று போதும் என்று காப்பியைக் குடித்தபடி அப்பாவிடம் சொன்னார். தன் கொள்கையையே பேசுகிற ஒரு மனிதர் கிடைத்துவிட்டதில் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்பா கெட்டவரில்லை. சித்தியைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அன்றே புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொள்ள அது நல்ல நேரம், அவ்வளவுதான். முதல் ஓலை வாசித்தபோது சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு, அவள் விரல்கள் ஜெபமாலையில் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்த வாரம் ராத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புத்தகம் போனால் போகட்டும், அந்தப் பெண் கதி என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தான் கடைசிவரை முன்பே வாசித்துவிட்டதாகச் சொன்ன சித்தி, பாசார்ச் சந்தையிலிருந்து வந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டே வாயாலேயே மீதியைச் சொன்னாள். கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். தடை உண்டா என்று கேட்கிறார்கள். எல்லாரும் மௌனமாக இருக்க, அந்தப் பெண்ணே எழுந்து நின்று, எனக்குச் சம்மதமில்லை என்கிறாள். அம்மா நெத்திலியை அப்படியே விட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதை என்றால் இதுதான் கதை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. வழக்கம்போலச் சாமியார் கேட்டார். வழக்கம்போல ஆண்கள் செருமினார்கள். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கதை தெரிந்தவளே இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கோபமாக வந்தது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

“சாமி, எங்க சித்திக்கு இஷ்டமில்ல.”

கோயிலே திரும்பியது. ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் முகம் செங்கல் நிறமாவதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நான் உட்காரவில்லை. இன்றைக்கும் அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். பிரான்சுக்காரரான சாமியார் ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் பேசுவார். பிள்ளை சொல்வது மெய்தானா என்று சித்தியைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

சித்தி எழுந்தாள். என் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

“மெய்தான் சாமி. என்னைய யாரும் கேக்கல. நீங்க கேட்டீங்க, சொல்றேன். எனக்கு இஷ்டமில்ல.”

பெண்ணின் சம்மதமில்லாமல் தாலி மந்திரிக்கச் சாமியாருக்கு அதிகாரம் இல்லை. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை. அப்பா தனியாக ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்குப் போனார்; நாங்கள் வெயிலில் நடந்தோம். சித்தி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அதற்குமுன் அவள் பாடி நான் கேட்டதில்லை. அப்பா பல நாள் எங்கள் யாரோடும் பேசவில்லை. சித்தி பயப்படவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சேதி கேட்டு ராத்தா ஆட்டிறைச்சிக் குழம்பும் கையுமாக வந்தார். என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். “கதையில வந்த மாதிரியே செஞ்சுட்டீகளே” என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார். அதைக் கேட்டுச் சித்தி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

நானும் வளர்ந்து பள்ளி ஆசிரியையான பிறகு, சூலியா தெருவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே கதை கண்ணில் பட்டது. கடையிலேயே நின்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அந்தப் பெண் தலைகுனிந்து அப்பா காட்டியவனையே கட்டிக்கொண்டு, ஜெபத்தில் ஆறுதல் அடைகிறாள். ஓலையும் இல்லை, கேள்வியும் இல்லை. எழுந்து நிற்கும் பெண் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவளைச் சித்தி நெத்திலி ஆய்ந்துகொண்டே உண்டாக்கியிருக்கிறாள். உண்டாக்கிவிட்டு, எழுந்து நிற்கத் தனக்குத் துணிவு வராமல், அந்த ஞாயிறுவரை அவளுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணாக எழுந்தது நான்.